பாதிரியார் விரலைக் கடித்த கைக்குழந்தை

பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் அந்த அம்மாளுக்கு ‘முழு டிக்கெட்’ என்று பட்டப்பெயர். டிப்போவில் யாரோ ஒரு டிரைவர் வைத்தது. பிறகு பயணிகள் வரை பரவிவிட்டது. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட் என்பது விதி. அந்த விதிக்குள் புகுந்து புறப்பட ஊரிலுள்ள தாய்மார்கள் என்னென்ன வித்தை காட்டுவார்களோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. பாவாடை மறைப்பில் முழங்காலை மடக்கி நிற்கும் சிறுமிகள், மடியில் தூங்குவதுபோல் கிடத்தப்பட்டு பாதம் மட்டும் எதிர் சீட்டைத் தொடும் பையன்கள், “நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குதுங்க” என்று அம்மா சொல்லும்போதே “நான் மூணாங்கிளாஸ்” என்று திருத்திவிட்டுக் கிள்ளு வாங்கும் சத்தியவான்கள் என்று எல்லாரையும் பார்த்தவர். மீசை அரும்பிய மகனுக்கு அரை டிக்கெட் கேட்ட ஒரு தகப்பனிடம், “தாராளமா தரேன். மீசையை இங்கேயே இறக்கிட்டு மிச்சப் பையனை ஏத்துங்க” என்று சொன்னது டிப்போவில் இன்றும் பேசப்படுகிறது.

இரக்கமுள்ளவர் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கணக்கானவர் என்று சொன்னார்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் அவருக்கும் தெரிந்தே இருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் அவரும் தங்கையும். இருவரும் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்துவைப்பதா சாத்திவைப்பதா என்பதில் தொடங்கி, கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகமா மெதுவா என்பது வரை வாய் ஓயாது. எல்லாவற்றையும்விட நீண்ட சண்டை சுவரில் மாட்டியிருந்த கொள்ளுத்தாத்தா படத்தைப் பற்றியது. பட்டாளத்துக்காரர் மகன். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுடன் முறைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நாற்காலியில் கொள்ளுப்பாட்டி.

“இவருக்குக் கூடப்பிறந்தவங்க இருந்தாங்கக்கா. அப்பா சொல்லியிருக்கார். எங்கேயோ நமக்குப் பங்காளிங்க இருக்காங்க” என்பாள் தங்கை.

“அப்பா எதைத்தான் சொல்லல? எனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு பத்து வருஷம் சொன்னாரே!”

“நீ மாப்பிள்ளைகிட்டயும் வயசு சர்டிபிகேட் கேட்டிருப்பே.”

போன வருஷம் தங்கை இறந்துபோனாள். அந்தச் சண்டை மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது.

அதன்பிறகு வீடு மரியாதையான வீடாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தாலும் கேட்க ஆளில்லை, சாத்தினாலும் கேட்க ஆளில்லை. அக்கம்பக்கத்தார் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார்கள். போன் அடித்தால் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்குரல். அது அவரை ‘மேடம்’ என்று கூப்பிட்டது. அக்கா என்று கூப்பிட்டு எதிர்த்துப் பேச உலகத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை. தங்கையின் வாதம் தப்பு என்று நிரூபித்தே தீருவது என்று ஒருநாள் கண்டக்டரம்மா ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பினார். “செத்தவகிட்ட கூடவா விட்டுக்கொடுக்க மாட்டாங்க!” என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். தோற்றுப்போகும் ஆசையில்தான் கிளம்பினோம் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

காப்பகத்தின் படிப்பறை மூன்றாவது மாடியில். நீளமான ஒரு மேஜை, அதன் கோடியில் பழைய பதிவேடுகளைப் படமெடுத்த சுருள்களைப் போட்டுப் பார்க்கும் மிஷின் ஒன்றே ஒன்று. அறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியம்மாள் ‘உஷ்’ என்பதைத் தவிர வேறு சொல் அதிகம் பேசாததால் அவருக்கு அதுவே பெயர்.

உஷ் அம்மாள்தான் முதல் நாள் பாடம் நடத்தினார். “பட்டாளத்துப் பிள்ளைங்களோட ஞானஸ்நானத்தை ஊரை வெச்சுத் தேடினா கிடைக்காது. பட்டாளம் ஒரு இடத்துல நிக்காது. எந்தப் பட்டாளம்னு பிடிச்சு, அது கூடவே நடக்கணும். இன்னொண்ணு, பட்டாளப் பாதிரியார்களும் நிலையா இருக்க மாட்டாங்க. ஆளாளுக்கு ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. மாத்தல் ஆனா அதையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதனால ஒரே பட்டாளம், நாலு பாதிரியார்னா நாலு சுருள் பார்க்கணும்.”

“ஒரே பஸ்ஸுக்கு நாலு கண்டக்டர்” என்றார் கண்டக்டரம்மா.

“உஷ்.”

மிஷினில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். சர்வேயர் என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிட்டார்கள். அட்டைக்கரியாகச் சாயம் பூசிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. வெளியே டீ குடிக்கப் போகும்போது நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுப் போவார். இரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தபோது கைக்குட்டை மேஜைமேல் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் கண்டக்டரம்மா இருந்தார்.

“மேடம், கைக்குட்டை போட்டிருந்தேனே?”

“துண்டு போட்டு இடம் பிடிக்கறது பஸ்ஸிலேயே எங்கிட்ட செல்லாது சார். நீங்க கைக்குட்டைதானே போட்டீங்க.”

“நாலு வருஷமா நான் இங்கதான் உட்கார்றேன்.”

“அப்போ இறங்க வேண்டிய இடம் எப்பவோ தாண்டியிருக்கும். நிக்கலாம்.”

உஷ் அம்மாள் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், மறுநாள் அதையே மாற்றி என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். கொடுத்த நேரத்தில் கால் மணிநேரத்தைத் திருடுவதில் இருவரும் சளைக்கவில்லை. சர்வேயர் காலையில் சுருளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார். கண்டக்டரம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பஸ் கிளம்பும்போது ஊதும் விசிலை வாயால் மெல்ல ஊதுவார். மறுநாள் மதியம் கண்டக்டரம்மா எழுந்துகொள்ள வேண்டிய நேரத்தில் சர்வேயர் தொண்டையைக் கனைப்பார். இவருக்குக் காது கேட்காது. நாள் முழுக்க இப்படியே போனதில், வீட்டுக்குத் திரும்பும்போது கண்டக்டரம்மாவுக்கு நன்றாகப் பசித்தது. தங்கை போனபிறகு முதல்முறையாக.

கொள்ளுத்தாத்தா அகப்பட்டார். அவர் அப்பா பட்டாளத்தில் கொம்பு ஊதுகிறவர். முதல் பாதிரியாரின் நோட்டில் பதிவு தெளிவாகவே இருந்தது. குழந்தை ஆண், வயது ஒரு மாதம், கர்னலின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள். கீழே: ‘வழக்கப்படி கம்பளி இரண்டு, ஃபிளானல் துணி ஒரு துண்டு தாய்க்குக் கொடுக்கப்பட்டது.’ பட்டாளத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனால் அதிகாரிகளின் மனைவிமார் சங்கம் இப்படி ஒரு பரிசு கொடுக்குமாம்.

அடுத்த பாதிரியாரின் சுருளைக் கேட்டபோது உஷ் அம்மாள், “அது சர்வேயர்கிட்ட இருக்கு” என்றார்.

“அவர்கிட்டயா? அவருக்கு எதுக்கு என் பட்டாளம்?”

“அவரோட பட்டாளமும் அதுதானே.”

கண்டக்டரம்மா போய்ப் பார்த்தார். சர்வேயர் நான்கு வருஷமாக எதிலோ மூழ்கியிருந்தாரே, அது இரண்டாவது நோட்டில் இருந்த ஒரு பதிவு. அவருடைய கொள்ளுத்தாத்தா. ஆண் குழந்தை, வயது மூன்று வாரம், பெயர் பாதிரியாருடையதே. அப்பா கொம்பு ஊதுகிறவர். அம்மா பெயர், அப்பா பெயர் இரண்டும் கண்டக்டரம்மா குறித்து வைத்திருந்தவையே. கீழே அதே இரண்டு கம்பளி, அதே ஃபிளானல்.

கண்டக்டரம்மா தன் குறிப்பை மிஷினின் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். பிறகு, “சார், உங்க கொள்ளுத்தாத்தாவும் எங்க கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி” என்றார்.

சர்வேயர் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் படித்தார். “அடேங்கப்பா! அப்போ நாம...”

“பங்காளிங்க.”

“அதான் பார்த்த உடனே சண்டை பிடிச்சுக்கிச்சா!”

“உஷ்” என்றார் உஷ் அம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அன்று வீட்டுக்குப் போனதும் கண்டக்டரம்மா தங்கை உட்காரும் நாற்காலியைப் பார்த்து, “சரிடி, நீதான் ஜெயிச்சே. ரொம்ப ஆடாதே” என்றார். தோற்றது வாழ்க்கையில் இதற்குமுன் இவ்வளவு ருசியாக இருந்ததில்லை. இரவு படுத்தபிறகுதான் மூளை பழைய வேலைக்குத் திரும்பியது. முதல் நோட்டில் ஒரு மாதக் குழந்தை. இரண்டாவது நோட்டில் மூன்று வாரக் குழந்தை. நடுவில் ஓடியது ஐந்து மாதம்.

காலையில் முதல் வேலையாக சர்வேயரிடம் அதைச் சொன்னார்.

“அதனால என்ன? ஞானஸ்நானத் தேதியும் பிறந்த தேதியும் ஒண்ணில்லையே மேடம். பாதிரியார் எப்ப வர்றாரோ அப்பதான் தண்ணி.”

“தண்ணி எப்ப வேணா தெளிக்கட்டும். வயசுன்னு தனியா எழுதியிருக்கே? அஞ்சு மாசத்துல அடுத்த பிள்ளை எப்படி வரும், குறுக்கு வழியிலயா?”

“எழுதினவர் தப்பா எழுதியிருப்பார்.” இதைச் சொன்னபோது சர்வேயர் குரலில் பலமில்லை. எல்லைக் கல் நகர்ந்திருப்பதைக் கண்டபிறகும் பழைய வரைபடமே சரி என்று சொல்லும் அரசு ஊழியர் குரல் அது.

மூன்றாவது பாதிரியாரின் சுருளை வரவழைத்தார்கள். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து பார்த்தார்கள். மேலும் மூன்று மாதம் கழித்து அதே கொம்பு ஊதுகிறவர், அதே மனைவி, ஆண் குழந்தை. இந்தமுறை பட்டாளத்து டாக்டர் பெயர். வயது பத்து நாள். கம்பளி இரண்டு, ஃபிளானல். இந்தப் பாதிரியார் எதையும் விரிவாக எழுதுகிறவர் போலிருக்கிறது. அடியில் சேர்த்திருந்தார்: ‘மிகவும் புஷ்டியான குழந்தை. தலையில் தண்ணீர் விடும்போது என் சுட்டுவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. கர்த்தர் அதை ஆசீர்வதிப்பாராக.’

கண்டக்டரம்மா ஒருதரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு படிப்பறை என்பதையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். பின்னால் ‘உஷ்’ என்று மூன்று தடவை கேட்டது. நான்காவது தடவை உஷ் அம்மாள் எழுந்து வந்து இருவரையும் மாடிப்படிக்குத் துரத்திவிட்டார்.

“என்ன சிரிப்பு மேடம்? எனக்கும் சொல்லுங்க.”

“பத்து நாள் குழந்தை ரத்தம் வர்ற மாதிரி எதை வெச்சு சார் கடிக்கும்?”

சர்வேயர் யோசித்தார். “பல்லு...” என்று தொடங்கி நிறுத்தினார்.

“அரை டிக்கெட்!” என்றார் கண்டக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அப்பட்டமான அரை டிக்கெட்! மூணும் ஒரே பிள்ளை சார். பட்டாளம் முகாம் மாத்தும்போதெல்லாம் புதுப் பாதிரியார். அவருக்கு இவளை முன்னப்பின்ன தெரியாது. பழைய நோட்டு பழைய பாதிரியாரோட போயிடுச்சு. இவ பிள்ளையை மூக்கு மட்டும் தெரியற மாதிரி சுத்தி எடுத்துட்டு வந்து, நேத்து பிறந்ததுன்னு நீட்டியிருக்கா. அவங்க பிரம்மச்சாரிங்க. கைக்குழந்தையும் கோதுமை மூட்டையும் அவங்களுக்கு ஒண்ணுதான். அதுலயும் பாருங்க, யாரைக் குளிரவைக்கணுமோ அவர் பேரை வெச்சிருக்கா. கர்னல், பாதிரியார், டாக்டர்! ஆறு கம்பளி தேத்திட்டா, மகராசி. எங்கிட்ட மாட்டியிருக்கணும்!”

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது வருஷம் அரை டிக்கெட் பிடித்த கண், இப்போது பிடித்திருப்பது எதை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே பிள்ளை என்றால் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. தம்பி இல்லையென்றால் பங்காளி ஏது?

சர்வேயருக்கும் அது எட்டிவிட்டது. “அப்போ என் கொள்ளுத்தாத்தா?”

“அப்படி ஒருத்தர் இல்ல சார்.”

“இல்லாதவருக்கா ஆறு பிள்ளைங்க பிறந்தாங்க? அதுல ஒருத்தர் எங்க தாத்தா. நான் உங்க முன்னாடி நிக்கிறேனே மேடம், நான் யாரு?”

“எனக்கென்ன தெரியும்?”

“நாளைக்கு அவர் போட்டோவைக் கொண்டாறேன். இல்லாத மனுஷன் மூஞ்சியை நீங்களே பாருங்க!”

“கொண்டாங்க. நானும் எங்க ஆளைக் கொண்டாறேன்.”

அன்று இரவு சுவரிலிருந்து படத்தை இறக்கியபோது, தங்கையின் நாற்காலிப் பக்கம் அவர் திரும்பவில்லை. “நான்தான்டி சரி” என்று மட்டும் சொன்னார். வாதத்தில் வென்றவர்களின் முகம் பெரும்பாலும் கண்ணாடி இல்லாத அறையில்தான் வாடுகிறது. ஜன்னல் திறந்து கிடந்தது. சாத்தச் சொல்ல யாருமில்லாததால் அப்படியே கிடந்தது.

மறுநாள் இரண்டு படங்களும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஒன்றில் பெரிய மீசை. மற்றதில் மார்புவரை தாடி. கண்டக்டரம்மா வீட்டுப் படத்தில் நாற்காலியில் ஒல்லியான பெண்மணி. சர்வேயர் வீட்டுப் படத்தில் பருமனான பெண்மணி. வேறு வேறு ஆள் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. உஷ் அம்மாள்கூட எட்டிப் பார்த்துவிட்டு, “ஜாடை இருக்கு, ஆனா...” என்று இழுத்தார்.

கண்டக்டரம்மா முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை நம்பி அவர் ஒருநாளும் டிக்கெட் கொடுத்ததில்லை. கோட்டைப் பார்த்தார். மேலிருந்து மூன்றாவது பித்தளைப் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக வேறொரு பொத்தான் தைத்திருந்தது. பிறகு தாடிக்காரரின் கோட்டைப் பார்த்தார். தாடியின் நுனிக்கு ஒரு விரல் கீழே, மூன்றாவது பொத்தான் கறுப்பு.

“சார், உங்க ஆளு கல்யாணம் எந்த ஊர்ல?”

சர்வேயர் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறொரு பாசறை ஊர்.

“எங்க ஆளு கல்யாணம் ஆத்துக்கு இந்தப் பக்கம். இங்க கர்னல் பேரு. அங்க பாதிரியார் பேரு. ரெண்டுக்கும் ஞானஸ்நானப் பத்திரம் கையில இருக்கு. யார் கேட்க முடியும்?” கண்டக்டரம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. “அம்மாக்காரி பேரை வெச்சுக் கம்பளி வாங்கினா. பிள்ளை அதே பேரை வெச்சுப் பொண்டாட்டி வாங்கியிருக்கான்! பொண்டாட்டியை மாத்தத் தெரிஞ்ச மனுஷனுக்குக் கோட்டை மாத்தத் தெரியலையே!”

சர்வேயர் தான் கொண்டுவந்த படத்தை இழுத்து, அந்தக் கறுப்புப் பொத்தானை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் வீட்டில் அந்தத் தாடிக்காரரை உத்தமர் என்று சொல்லித்தான் மூன்று தலைமுறை வளர்ந்திருந்தது. மாதத்தில் பாதி நாள் வேலை விஷயமாக வெளியூர் போய்விடுவாராம். அவ்வளவு கடமை உணர்ச்சி.

“எங்க தாத்தா சொல்லுவார்... அப்பா வந்தாலே வீடு திருவிழா மாதிரி இருக்கும்னு” என்றார் மெல்ல.

“எங்க வீட்டுலயும் அதேதான் சொன்னாங்க. மிச்சப் பாதி மாசம்.”

உஷ் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்போ நாம பங்காளி இல்லையா?” என்றார் சர்வேயர்.

“முன்னைவிட நெருக்கம். அண்ணன் தம்பியோட கொள்ளுப்பேரப்பிள்ளைங்கன்னு நினைச்சோம். ஒரே ஆளோட கொள்ளுப்பேரப்பிள்ளைங்க.”

சர்வேயர் நிமிர்ந்தார். மானம் திரும்பிவர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. “அப்படின்னா ஒண்ணு இப்பவே தெரிஞ்சாகணும். எது முதல் கல்யாணம்? எங்க கொள்ளுப்பாட்டிதான் மூத்தவங்க. முகத்துலயே தெரியுது பாருங்க, வீட்டுக்காரி களை.”

“களையா? என் கொள்ளுப்பாட்டி எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்காங்க பாருங்க. ரெண்டாவதா வந்தவங்களுக்கு அந்த முதுகு வராது.”

“உங்க பாட்டி ஒல்லியா இருக்காங்க. கவலை. புருஷன் மேல சந்தேகம். ரெண்டாவதுதான்!”

“உங்க பாட்டி ஏன் அவ்வளவு குண்டு? பாதி மாசம் நிம்மதியா இருந்திருக்காங்க!”

“உஷ்!” என்றார் உஷ் அம்மாள் உண்மையான கோபத்தோடு. “குடும்பச் சண்டையெல்லாம் வெளிய போய் வெச்சுக்கோங்க!”

‘குடும்பச் சண்டை’ என்று கண்டக்டரம்மா ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். திட்டு வாங்கியவர் முகம் அப்படி மலர்ந்ததை உஷ் அம்மாள் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது சர்வேயருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. “முறைப்படி பார்த்தா நாம ஒரே தலைமுறை. அப்போ யாரு பெரியவங்க?”

“எனக்கு அறுபத்திமூணு. உங்களுக்கு?”

“அறுபத்தொண்ணு” என்றார் சர்வேயர், சாயம் பூசிய தலையைத் தடவிக்கொண்டே. “அப்போ நீங்க எனக்கு அக்கா.”

வாசலில் கையெழுத்துப் போட்டு வெளியேற வேண்டும். சர்வேயர் படிப்பறை அட்டையைக் காவலாளியிடம் நீட்டினார். கட்டைவிரல், பிறந்த வருஷம் அச்சடித்திருந்த இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் படிப்பதற்குத்தான் கண்டக்டரம்மாவுக்கு முப்பது வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். எந்தப் பாஸாக இருந்தாலும் நகத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும். அதில் தெரிந்த எண்ணைக் கூட்டிக் கழித்தார். அறுபத்தைந்து.

நியாயப்படி அவர் அண்ணன். அப்படியானால் தம்பி இல்லை, அக்கா இல்லை. கண்டக்டரம்மாவின் வாய் தானாகத் திறந்தது. மீசையை இறக்கச் சொன்ன வாய். கூடவே மூன்று தடவை நனைந்து, ஆறு கம்பளிக்குள் கதகதப்பாகக் கிடந்து, பாதிரியார் விரலைக் கடித்த அந்தப் பயலும் நினைவுக்கு வந்தான். வயதைக் குறைத்துச் சொல்லும் இந்த ரத்தத்துக்குக் கோட்டும் பொத்தானும்கூடச் சாட்சி வேண்டியதில்லை.

வாயை மூடிக்கொண்டார். பணியிலிருந்த காலத்திலும் அதற்குப் பின்னும் அவர் பார்த்தும் விட்ட ஒரே அரை டிக்கெட் அதுதான். போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காப்பகத்துக்கு விடுமுறை. பத்து மணிக்குப் போன் அடித்தது. கடன்காரப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று அலட்சியமாக எடுத்தார்.

“அக்கா, நான்தான். ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க பாட்டிதான் மூத்தவங்கன்னா, நல்ல கோட்டு உங்க வீட்டுல இருந்திருக்கணும். எங்க வீட்டுலதான் இருந்திருக்கு. எங்க அத்தை பார்த்திருக்காங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?”

கண்டக்டரம்மா போனைக் காதில் வைத்தபடியே போய் ஜன்னலைச் சாத்தினார். தங்கையின் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இது சீக்கிரம் முடியப்போகிற பேச்சு இல்லை.

“பொத்தான் போன கோட்டு உனக்கு நல்ல கோட்டா? பழைய துணியைத் தள்ளிவிட்டிருக்காங்கடா உங்க வீட்டுக்கு.”

“அக்கா! வார்த்தையை அளந்து பேசுங்க!”

“யாருகிட்ட குரலை உசத்துறே? வயசுல பெரியவங்ககிட்ட பேசுற மாதிரி பேசு.”

அந்தப் பக்கம் சர்வேயர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“சரிக்கா” என்றார்.